பாக்கியும் ரோமர் ஆறும்

ஆரணியில் ஒரு நெசவாளியைப் பற்றி விசாரித்தால் முதலில் வரும் கேள்வி, "யாருக்கு நெய்யறாரு?" என்பதுதான். பேர், தெரு, உறவுமுறை எல்லாம் அதற்குப் பிறகு. தறி அவர் வீட்டில் இருக்கும். தறிக்குழி அவரே வெட்டியது. ஆனால் பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, நெய்து மடித்த சேலையும் முதலாளியுடையது. எடை போட்டுக் கொடுப்பார்கள், எடை போட்டு வாங்குவார்கள். நடுவில் நெசவாளிக்கு உரியது கூலி. அந்தக் கூலிக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருப்பது பாக்கி.

தங்கைக்குக் கல்யாணம், அப்பாவுக்குக் காரியம், மழையில் சரிந்த சுவர் என்று ஏதோ ஒன்றுக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்குவார்கள். அது நோட்டில் பாக்கியாக ஏறும். கூலியில் வாரம் கொஞ்சம் பிடிப்பார்கள். பிடிக்காத வாரங்களும் உண்டு. பிடிக்காத வாரத்தில்தான் நெசவாளி இன்னும் இறுக்கமாகக் கட்டப்படுவார். பாக்கி இருக்கும்வரை அந்தத் தறி வேறு யாருக்கும் நெய்யக் கூடாது. முதலாளி மாற ஒரே வழி, புது முதலாளி பழைய பாக்கியை மொத்தமாக அடைத்து ஆளை எடுத்துக்கொள்வது. நெசவாளி செத்துப்போனால் நோட்டில் அவர் பேரை அடித்துவிட்டு மகன் பேரை எழுதுவார்கள்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1970களில் எங்கள் வீடு நெசவுத் தெருவில் இருந்தது. அப்பா பள்ளி ஆசிரியர். வாடகை குறைவு என்பதால் அந்தத் தெரு. விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் பாவை நீட்டிக் கட்டியிருப்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பட்டு இழையில் பட்டுவிடாமல் சுவரோரமாக ஒண்டிப் போகவேண்டும். பகல் முழுக்க மிதியும் பலகையும் மோதும் சத்தம். சத்தம் நின்றால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அம்மா எட்டிப் பார்ப்பார்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அந்தத் தறிக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு அத்தை. பாவத்திலிருந்து விடுதலை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த அளவு அந்த வீட்டுத் தறி அறையில் புரிந்ததுதான். பிறகு படித்த இறையியல் எல்லாம் அங்கே கேட்டதற்கு ஆதாரம் தேடிப் போனவை.

எங்கள் சபைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்களின் சீர்திருத்தச் சபை, ஸ்கடர் சகோதரர்கள் வழியாக 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தது. 1850களிலேயே ஆரணி அதன் நிலையங்களில் ஒன்றாகிவிட்டது. பிற்காலத்தில் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டிய ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பேத்திதான். 1908இல் இந்தச் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் கலந்தன. ஆக, நாங்கள் சி.எஸ்.ஐ. ஆனாலும் ஊரில் வயதானவர்கள் 'மிஷன் கோவில்' என்றுதான் சொன்னார்கள்.

அந்த டச்சுச் சபையின் ஞானோபதேசம் 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வெளிவந்தது. மொத்தம் 129 கேள்வி பதில்கள். வாழ்விலும் சாவிலும் உனக்கு இருக்கும் ஒரே ஆறுதல் எது என்பது முதல் கேள்வி. நான் எனக்குச் சொந்தமானவன் அல்ல, உடலும் ஆத்துமாவுமாக இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தமானவன் என்பது பதிலின் சாரம். என் பாவங்களுக்கான விலையை அவர் முழுமையாகச் செலுத்திவிட்டார் என்ற செய்தி அதற்கு அடுத்துத்தான் வருகிறது. கடன் தீர்ந்ததைச் சொல்வதற்கு முன்னால், யாரைச் சேர்ந்தவன் என்பதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆரணித் தெருவில் கேட்கும் முதல் கேள்வியையே ஹைடல்பெர்க்கிலும் முதலில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என் சிறுவயதில் கோவிலில் அதிகம் கேட்டது இது அல்ல. பாவங்களின் பட்டியலைத்தான் கேட்டோம். சினிமா, சூதாட்டம், குடி, பொய், பொறாமை. கோடையில் பந்தல் போட்டுக் கன்வென்ஷன் நடக்கும். வெளியூர் ஊழியக்காரர் கண்ணீரோடு பேசுவார். கடைசி இரவில் எல்லோரும் கண்களை மூடியபிறகு, தீர்மானம் எடுக்கிறவர்கள் கையை உயர்த்தச் சொல்வார். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் மறுபடி ஒரு சுற்று. பழைய வருடத்துப் பாவங்களை அறிக்கையிட்டு, வாக்குத்தத்த வசன அட்டையை வாங்கிக்கொண்டு, பனியில் நடுங்கியபடி வீட்டுக்கு வருவோம். அடுத்த டிசம்பரில் அறிக்கையிட வேண்டிய பட்டியல் அநேகமாக அதேதான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மாமா எல்லாக் கன்வென்ஷனிலும் கை தூக்கினவர். சனிக்கிழமை கூலி நாள். அப்போது மதுவிலக்கு இருந்தது. இருந்தாலும் மலைப்பக்கத்திலிருந்து லாரி டியூபில் இறங்கும் சாராயம் எங்கே கிடைக்கும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். குடித்தால் யாரையும் அடிக்க மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து அழுவார். அழுகை அடுத்த நாள் ஆராதனை மணி அடிக்கும்வரை நீளும். "தூக்குன கை சனிக்கிழமை வரைக்கும்தான்" என்பார் அத்தை. அவர்தான் அந்த வீட்டில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர். மாமா சில வருடங்கள் கழித்துப் பெற்றார். ஞானஸ்நானத்துக்குப் பிறகும் சனிக்கிழமைகள் மாறவில்லை. அதுதான் அவருடைய பெரிய துக்கம். "தண்ணி உள்ள போற வழிய தண்ணி மேல ஊத்தி அடைக்க முடியுமா, வாத்தியாரே?" என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கொத்தடிமை ஒழிப்புச் செய்தி வந்தது. 1975 ஜூலை 1 அன்று அறிவித்த இருபது அம்சத் திட்டத்தில் அது ஒன்று. அந்த அக்டோபரில் அவசரச் சட்டம், 1976இல் முழுச் சட்டம். கொத்தடிமைக் கடன்கள் செல்லாது, அந்தக் கடனுக்காக யாரையும் வேலையில் கட்டிவைக்கக் கூடாது. சாயங்காலத்தில் அப்பா திண்ணையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். தறியை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் வந்து கேட்பார்கள்.

மாமா கேட்டு முடித்துவிட்டு, "பாக்கி போச்சுன்னு சட்டம் சொல்லுது. சரி. திங்கக்கிழமை பாவு யார் குடுப்பா?" என்றார்.

அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. தெருவில் யாரும் மனு எழுதப் போகவில்லை. இது கொத்தடிமை இல்லை, தொழில் முன்பணம் என்று முதலாளிகள் தரப்பில் சொன்னார்கள். நெசவாளிகளும் தலையாட்டினார்கள். பழைய கணக்கிலிருந்து வெளியே வந்தவனுக்குப் போக இடம் இல்லையென்றால், அவன் மறுபடி பழைய வாசலிலேயே போய் நிற்பான். அடுத்த கல்யாணத்துக்கு அங்கேதான் கை நீட்ட வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் தறி பதிந்திருந்தவர்களுக்கு மட்டும் வேறு பேச்சு. அவர்களுக்குப் பாவு கொடுக்க வேறு ஓர் இடம் இருந்தது.

இது வெறும் தொழில் சமாச்சாரமாக முடிந்திருக்கும், உபதேசியார் வராமல் இருந்திருந்தால்.

கிராமச் சபைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய படிப்பு கிடையாது. கண்ணாடியின் ஒரு காம்பு போய், கயிறு கட்டிக் காதில் மாட்டியிருப்பார். மாமா வீட்டுத் தறி அறையில் வாரம் ஒரு இரவு ஜெபக்கூட்டம் வைத்தார். குழிக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்து உட்காருவோம். தலைக்கு மேலே பாவு. பாட்டு, ஜெபம், பிறகு வேதபாடம். பட்டியல் போட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு நிருபத்தை எடுத்தால் முதல் வசனத்திலிருந்து கடைசி வாழ்த்துவரை போவார். அந்த வருடம் ரோமர்.

கடைசி அதிகாரத்தை அவர் முதல் நாளே வாசிக்கச் சொன்னது நினைவிருக்கிறது. அங்கே பவுல் பேர் பேராக வாழ்த்து அனுப்புகிறார். அரிஸ்தொபூலு வீட்டார், நர்கீசு வீட்டார் என்று வருகிறது. "வீட்டார்னா சொந்தக்காரங்கன்னு நெனச்சுக்காதீங்க. பெரிய மனுசங்க வீட்டுல அடிமையா இருந்தவங்களாவும் இருக்கலாம்" என்றார். பிற்காலத்தில் பல வேத அறிஞர்கள் அதையே எழுதியிருப்பதைப் பார்த்தேன். நிருபத்தை எழுதியவரும் கையால் உழைத்தவர்தான். கொரிந்து நகரத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு கூடாரத் தொழில் செய்தவர் பவுல். ஏறக்குறைய 57ஆம் ஆண்டில் அந்தக் கொரிந்திலிருந்துதான் ரோமாபுரிக்கு இந்தக் கடிதம் போனது என்பது பொதுவான கணிப்பு. தொழிலாளி ஒருவர் சொல்லச் சொல்ல, தெர்தியு என்பவர் எழுதினார். ரோமில் அதை வாசிக்கக் கேட்டவர்களில் பலர் யாருக்கோ சொந்தமானவர்கள். எசமான், அடிமை, கூலி என்று ஆறாம் அதிகாரத்தில் வருவதெல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பேச்சு.

ஆறாம் அதிகாரத்துக்கு வந்த இரவு, மாமா முந்திக்கொண்டார். "ஐயா, ஒரு சந்தேகம். போன அதிகாரத்துல எல்லாப் பாவமும் மன்னிச்சாச்சு, பாவம் பெருகுன இடத்துல கிருபை அதவிட பெருகுச்சுன்னு படிச்சோம். அப்ப என்னை மாதிரி ஆளுக்கு என்னா அர்த்தம்? சனிக்கிழமை குடிக்கலாம், ஞாயித்துக்கிழமை மன்னிப்பு. இப்டியே போலாமா?"

அப்பா நெளிந்தார். உபதேசியாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "நீ கேட்டததான்யா பவுல் மொத வசனத்துல கேக்கறாரு. இந்தக் கேள்வி வரலன்னா நீ கிருபையையே சரியா கேக்கலன்னு அர்த்தம்."

அதற்குப் பவுல் சொல்லும் பதிலை அவர் மெதுவாகப் பிரித்தார். கூடாது, முயற்சி செய், கை தூக்கு என்று பவுல் சொல்லவில்லை. நீ செத்துப்போய்விட்டாயே, செத்தவன் எப்படி அதில் பிழைப்பான் என்று கேட்கிறார். கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவன் அவருடைய சாவுக்குள் ஞானஸ்நானம் பெற்றான். அவரோடு அடக்கம்பண்ணப்பட்டான். செத்தவன்மேல் பாவத்துக்கு அதிகாரம் இல்லை.

"உன் முதலாளி உன்கிட்ட பாக்கி கேக்கலாம். நீ செத்துட்டா?" என்றார் உபதேசியார்.

"மவன்கிட்ட கேப்பாரு" என்றார் மாமா.

அறை முழுக்கச் சிரிப்பு. உபதேசியாரும் சிரித்தார். "அது ஆரணிக் கணக்கு. பவுல் கணக்குல சாவோட நோட்டு மூடியாச்சு."

"சரி ஐயா. ஆனா நான் இங்கதானே உக்காந்துருக்கேன். நான் எப்ப செத்தேன்?"

"நீ சாகல. அவர் செத்தார். நீ அவரோட சேர்ந்துருக்க. அவருக்கு ஆனது உனக்கு ஆச்சு."

"எப்படிச் சேர்றது?"

உபதேசியார் பதில் சொல்லாமல் தறியைப் பார்த்தார். அன்றைக்கு அந்தத் தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பாவு ஏற்றினால் மூன்று சேலை நெய்யலாம். மூன்றாவது சேலையை அறுத்து எடுக்கும்போது பழைய பாவின் இழைகளை முழுக்க உருவிவிட மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்தது கோத்தபடி ஒரு துண்டை விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பலைத் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. அத்தை அந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தார், விரல் நுனியெல்லாம் சாம்பல். பிணைத்து முடித்ததும் முன்னாலிருந்து மெல்ல இழுப்பார்கள். பழைய இழை விழுதைத் தாண்டி அச்சைத் தாண்டி வரும். அதோடு முறுக்கிய புது இழையும் அதே கண் வழியாக வந்துவிடும். புது இழையைத் தனியாக எடுத்து விழுதுக் கண்ணில் நுழைக்கவேண்டிய வேலையே இல்லை.

"அந்த இழை தானா வழி கண்டுபிடிச்சுதா?" என்றார் உபதேசியார் அத்தையிடம்.

"அதுக்கு என்னா தெரியும்? முன்னாடி போனத புடிச்சுக்கினு வருது."

"அவ்ளோதான். சாவுக் கண்ணுல மொதல்ல நொழஞ்சு அந்தாண்ட வந்தவர் அவர். உன்னை அவரோட முறுக்கியாச்சு. அவர் போன வழியில நீ இழுபட்டு வர்ற. உன் கையால நொழைய முடியாது."

அவர் அந்த உவமையை அதற்கு மேல் இழுக்கவில்லை. "முறுக்கினது யார் கைன்னு கேளு. அதான் பரிசுத்த ஆவி" என்று ஒரு வார்த்தை சேர்த்தார். பிறகு அதே அதிகாரத்தின் பிற்பாதிக்குப் போனார். அங்கே பவுல் எசமானர்களைப் பற்றிப் பேசுகிறார். பாவத்துக்கு அடிமைகளாயிருந்தவர்கள் விடுதலையாகி நீதிக்கு அடிமைகளானார்கள் என்கிறார். மாமாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. "புது முதலாளி பாக்கி அடைச்சு எடுத்துக்கினாரு" என்றார்.

உபதேசியார் உடனே தடுத்தார். உங்கள் பலவீனத்தினால் மனுஷர் பேசுகிறபடி பேசுகிறேன் என்று பவுலே நடுவில் சொல்லிவிடுவதைக் காட்டினார். "இயேசு இன்னொரு முதலாளி இல்ல. முதலாளி மாறினா நோட்டும் மாறும், ஆனா நோட்டு இருக்கும். இங்க பாரு, கடைசி வசனம். பாவம் குடுக்கறது சம்பளம். நீ ஒழச்சதுக்குக் கணக்கா குடுக்கும், அது சாவு. தேவன் குடுக்கறதுக்குச் சம்பளம்னு பேரில்ல. வரம். எடை போட்டுக் குடுக்கல. எடை போட்டு வாங்கவும் மாட்டார்."

எடை என்ற பேச்சு வந்ததும் அறையில் ஒரு அசைவு ஏற்பட்டது. சேலையை எடை போடும்போது பட்டு குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அந்தப் பயம் இல்லாத நெசவாளி யாரும் அங்கே இல்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, கல்லூரி முடித்து வேலைக்கு வந்தபின், கால்வினுடைய கிறிஸ்தவ சமய நெறி நூலைக் கையில் எடுத்தேன். ஹைடல்பெர்க் ஞானோபதேசம் பிறந்த மரபுக்கு முக்கியமான ஆசான் அவர். 1559இல் வந்த இறுதிப் பதிப்பின் மூன்றாம் புத்தகத் தொடக்கத்தில் கால்வின் சொல்வது இது. கிறிஸ்து நமக்கு வெளியே நிற்கும்வரை, அவர் பட்ட பாடுகளும் செய்த காரியங்களும் நமக்கு ஒரு பயனும் தருவதில்லை. அவர் நம்முடையவராகி நமக்குள் குடியிருக்கவேண்டும். அதை நடத்துகிறவர் பரிசுத்த ஆவி. திண்ணையில் அப்பா வாசித்த சட்டமும் மாமா கேட்ட கேள்வியும்தான் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. மன்னிப்பை மட்டும் அறிவித்துவிட்டு ஆளை அதே வாசலில் விட்டுவிட்டால், அது தள்ளுபடி. விடுதலை ஆகாது. எங்கள் கன்வென்ஷன்களில் வருடா வருடம் நடந்தது தள்ளுபடிதான்.

கிறிஸ்துவோடு ஒன்றாவதைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆழமாக எழுதியவர் ஏ. ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்து, 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயரானவர். அவருடைய தகப்பனார் சைவத்திலிருந்து வந்தவர். யோவான் சுவிசேஷத்தையும் நம் பக்தி இலக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்தார். மோட்சம் என்றால் என்ன என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1931இல் ஒரு நூல் எழுதினார். திராட்சச்செடியில் கொடி நிலைத்திருப்பதுபோல் கிறிஸ்துவில் நிலைத்திருப்பதே மோட்சம், அது செத்தபிறகு மட்டும் கிடைப்பதல்ல, இப்போதே தொடங்குவது என்பது அவர் நிலைப்பாடு. ஆனால் இந்த ஐக்கியத்தில் ஆத்துமா கடவுளில் கரைந்து காணாமல் போவதில்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். அத்வைதத்தைவிட இராமாநுசர் பக்கம் சாய்ந்தவர். அன்பும் சித்தமும் ஒன்றாகின்றன, ஆட்கள் இரண்டாகவே இருக்கிறார்கள். அப்படி இருந்தால்தான் நேசிக்கவும் கீழ்ப்படியவும் முடியும்.

இது வெறும் தத்துவப் பேச்சில்லை. அந்த இரவு தறி அறையில் மாமா அடுத்து கேட்டது இதைத்தான். "அப்ப இனிமே எனக்கு ஆசையே வராதா?" வரும் என்றார் உபதேசியார். மாமா மாமாவாகவே இருப்பார். சனிக்கிழமை சாயங்காலமும் வரும். பழைய எசமான் கூப்பிடுவான். ஆனால் அவனுக்கு இனிமேல் உரிமை இல்லை, பழக்கத்தில் கூப்பிடுகிறான். கிறிஸ்துவோடு செத்தேன் என்பதை நிஜமென்று எண்ணிக்கொள்ளவேண்டும் என்று பவுல் சொல்வது அதனால்தான். கற்பனை செய்துகொள்ளச் சொல்லவில்லை. நடந்துவிட்டதைக் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

மாமா அந்த வாரமே திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது. அடுத்த சில மாதங்களில் குடித்த சனிக்கிழமைகளும் இருந்தன, குடிக்காத சனிக்கிழமைகளும் இருந்தன. மாறியது அழுகை. குடித்துவிட்டு வந்தால் திண்ணையில் அழுது புலம்புவது நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டி கட்டிக்கொண்டு நேராகக் கோவிலுக்குப் போவார். "வெக்கமா இல்லியா?" என்று தெருவில் யாரோ கேட்டதற்கு, "வெக்கந்தான். அதுக்கோசரம் அவங்க வூட்டுக்குப் போவாம இருந்துட முடியுமா?" என்றார். உபதேசியாரும் அவரிடம் விட்டாயா விட்டாயா என்று கேட்கவே இல்லை. "யாரைச் சேர்ந்தவன்?" என்று மட்டும் கேட்பார். மாமா பதில் சொல்வார். பிறகு இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். சனிக்கிழமைகள் எப்போது சாதாரண நாட்களாக மாறின என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அத்தைக்கே ஒருநாள் கணக்குப் பார்த்தபோதுதான் உறைத்தது, கூலி முழுசாக வீட்டுக்கு வந்து வெகு நாளாகிறது என்று.

அப்பாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அவர் பேப்பர் படிக்கிறவர். "உள்ளத்து விடுதலை, உள்ளத்து விடுதலைன்னு பேசறோம். வெளியே கட்டு அப்படியேதானே இருக்கு. இந்த உபதேசம் அவரை முதலாளிக்கு இன்னும் நல்ல ஆளாக்கித் தந்துடுச்சு, அவ்வளவுதான்" என்றார் ஒருமுறை. நியாயமான குற்றச்சாட்டு. குடிக்காத நெசவாளி முதலாளிக்கு லாபம்தான்.

இந்தக் கேள்விக்கு என் மனதில் வரும் ஆள் வெங்கல் சக்கரை. சக்கரை செட்டியார் என்று சென்னை அரசியலில் அறியப்பட்ட அதே மனிதர். 1880இல் பிறந்து, இளமையில் கிறிஸ்தவரானவர். உயிர்த்தெழுந்த கிறிஸ்து ஆவியானவராக மனிதருக்குள் இன்றும் செயல்படுகிறார், அவதாரம் முடிந்துபோன ஒன்றல்ல என்று வாதிட்டு 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே மனிதர் சென்னையின் தொழிற்சங்க மேடைகளில் நின்றார், மேயராக இருந்தார், அகில இந்திய தொழிற்சங்கக் காங்கிரஸின் தலைவராகவும் ஆனார். உள்ளே கிறிஸ்து குடியிருப்பதும் வெளியே கூலிக்காகப் போராடுவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. அப்பா சக்கரையைப் படித்திருந்தால் அந்த வருத்தம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் பதில் புத்தகத்திலிருந்து வரவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்தே வந்தது.

கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நெசவாளி நடுவில் உடல் நெய்ய, ஓரத்தில் கரைக்கு நாடா எறிய ஒரு கைப்பிள்ளை. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் குழந்தைதான். அந்தக் குழந்தைக்கும் முன்பணம் உண்டு. பெற்றோர் வாங்கிக்கொள்வார்கள், குழந்தை உழைத்துக் கழிக்கும். 2003இல் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைகள் கொத்தடிமைகளாக இருப்பதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பட்டு நெசவும் அதில் இருந்தது. எங்கள் காலத்தில் இதற்கு அறிக்கை தேவைப்படவில்லை. என் வகுப்பில் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பெஞ்சு காலியானால் எந்தத் தறிக்குப் போயிருக்கிறாள் என்று கேட்போம்.

மாமாவின் மகள் என்னோடு படித்தாள். அவள் முறை வந்தது. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தெருக்கோடியில் ஒரு தறிக்குக் கைப்பிள்ளை வேண்டும். பெண்ணை அனுப்பினால் ஒரு தொகை முன்பணம், அதில் பாதியை மாமாவின் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். நல்ல பேச்சு. தெருவில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அத்தை கதவோரம் நின்றிருந்தார், அவர் முகத்தில் சம்மதம் இருந்தது. ஓடு மாற்றவேண்டிய கூரை அவர் தலைக்கு மேலேதானே இருந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சுங்க" என்றார்.

கணக்குப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்னாய்யா?"

"அவளுக்கு வெல குடுத்தாச்சுங்க. வேற ஒருத்தர் குடுத்துட்டாரு. வெல குடுத்தவர் இருக்கச்ச, நான் எடுத்து இன்னொருத்தர் நோட்டுல எழுத எனக்கு என்னா பாத்தியத இருக்கு?"

எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து நானும் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா என் தோளில் கை வைத்தார். ஞானஸ்நானத்தைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்தச் சடங்கால் உலகத்தில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்ட பிரசங்கம் ஒன்றும் இல்லை. இங்கே ஒரு கணக்குப்பிள்ளை நஷ்டத்தோடு எழுந்து போனார்.

அந்த வீட்டுக்கும் அது லாபமில்லை. முதலாளி பாவு கொடுப்பதைத் தாமதித்தார். தறி சும்மா கிடந்த வாரங்கள் இருந்தன. அத்தை பூ கட்டி விற்றார், நாங்கள் அரிசி கொடுத்தோம், சபையில் சிலர் கொடுத்தார்கள். சிலர் மாமாவின் பிடிவாதத்தைப் பைத்தியம் என்றார்கள். பாக்கியை அடைத்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் தறியைப் பதிய அவருக்கு வெகுகாலம் பிடித்தது. அவர் மகள் பத்தாவது எழுதினாள். மேலே படிக்கவைக்க முடியவில்லை. பிறகு அவளும் நெய்தாள், ஆனால் தன் பேரில், தன் கூலிக்கு.

கிறிஸ்துவோடு ஒன்றிப்பது என்றால் ஏதோ ஒரு இனிய உணர்வு, தியானத்தில் மட்டும் வருவது என்று நினைக்கிறவர்களை இப்போதும் சந்திக்கிறேன். அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. அந்த உணர்வும் வரும், வந்து போகும். பவுல் ரோமருக்கு எழுதியது அதைவிடக் கறாரான விஷயம். இனி நீ யாருடைய நோட்டிலும் இல்லை, உன் பிள்ளையும் இல்லை, அதற்குத் தகுந்தபடி நட என்று. அப்படி நடப்பதற்கு ஆகும் செலவை அவர் மறைக்கவில்லை. பாடுகளைப் பற்றிப் பேச எட்டாம் அதிகாரத்தை வைத்திருக்கிறார். ஜெபக்கூட்டத்தில் நாங்கள் அங்கே வருவதற்குள் வருடம் முடிந்துவிட்டது. உபதேசியாரும் வேறு ஊருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். எட்டாம் அதிகாரத்தை எங்களுக்கு வாசித்து விளக்கியவர் மாமா.